ஸ்கோர் நோட்டு பிடிக்கப் போகும் தம்பிக்கு

செஞ்சி ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் ஆட்டங்களுக்கு இனி நீதான் ஸ்கோர் எழுதப் போகிறாய் என்றார்கள், தம்பி. கடைசியில் சிறந்த பவுலர் யாரென்று சொல்லும் பொறுப்பும் உன்னுடையதுதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. பந்து முடிந்ததும் எழுது. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டு எழுதாதே. எத்தனையாவது ஓவர், எந்தப் பக்கத்திலிருந்து போட்டான், கேட்ச் விட்டார்களா என்பதையெல்லாம் ஓரத்தில் குறித்துவை. ஒரே ஓவரில் இரண்டு கேட்ச் விட்டும் முகம் சுளிக்காமல் அடுத்த பந்துக்கு ஓடிவந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். விக்கெட் கட்டத்தில் அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. உன் ஓரக்குறிப்பில் இருக்கட்டும்.

2. நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறியவனையும் வெறுங்கையோடு ஏறியவனையும் ஒரே கடிகாரத்தில் அளக்கலாமா? பவுலர் சுமந்த சுமையைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 20 ஓவரில் 160 ஓட்டம் எடுத்தால் ஓவருக்கு 8. அங்கே 2 ஓவரில் 14 கொடுத்தவன் அணிக்கு 2 ஓட்டம் மிச்சம் பிடித்தான். இன்னொரு நாள் 20 ஓவரில் மொத்தமே 100, ஓவருக்கு 5. அங்கே 2 ஓவரில் 12 கொடுத்தவன் 2 ஓட்டம் கூடுதலாக விட்டான். நோட்டை மேலோட்டமாகப் பார்த்தால் 12 கொடுத்தவன்தான் நல்லவனாகத் தெரிவான். முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 493 இலங்கை மண்ணில் வந்தவை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஆனால் எந்த மண்ணில் என்று கேட்காமல் யாரையும் ஒப்பிடக் கூடாது.

3. கடைசி ஓவர் போடுகிறவனைக் கடைசி ஓவர் போடுகிறவர்களோடு மட்டுமே வைத்துப் பார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலில் பழகிய யார்க்கர்தான் 2020 டிசம்பரில் அவரை இந்திய அணிக்குள் கொண்டுவந்தது. அடி விழும் என்று தெரிந்தே பந்தைக் கேட்டு வாங்குகிறவனின் நெஞ்சுரத்துக்கு எகானமியில் இடமில்லை.

4. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. 200ஐ அடிப்படையாக வைத்து, அதற்கும் உன் சராசரிக்கும் உள்ள இடைவெளியில் 90 சதவீதம் சலுகையாகக் கிடைக்கும் என்று வை. சராசரி 150 உள்ளவனுக்கு 45, 190 உள்ளவனுக்கு 9. அவன் 160 அடித்தால் கணக்கு 205. இவன் 192 அடித்தால் 201. அன்றைக்கு வென்றவன் 150காரன். தன்னைத்தானே யார் அதிகம் மிஞ்சினார் என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. இருவரில் யார் திறமைசாலி என்றல்ல. இந்த இரண்டையும் குழப்பினால் வீண் சண்டை வரும். நம் ஆட்டத்திலும் திறமைக்கு ஒன்று, தன்னை மிஞ்சியதற்கு ஒன்று என இரண்டு பட்டியல் போடு, இரண்டு பரிசு கொடு. புதுப்பையனுக்கு அந்த இரண்டாவது பரிசு எத்தனை தெம்பு தரும் என்று உனக்குத் தெரியாது.

5. சலுகைக்காக ஆரம்பத்தில் வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சராசரியை இறக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி யாராவது செய்தால் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. தனியே கூப்பிட்டு நோட்டைத் திறந்து காட்டு. பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் சலுகையை நிறுத்து. உறவுக்காரன் என்றாலும் நிறுத்து.

6. நாலு ஓவர் போட்டவனை நாற்பது ஓவர் போட்டவனோடு சேர்க்காதே. குறைந்தது எத்தனை ஓவர் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடு. ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றினால் அது யாருக்கோ தைத்த சட்டை என்றுதான் ஊர் பேசும்.

7. தோற்ற அணியின் பக்கத்தையும் அதே கவனத்தோடு எழுது. 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து விழுந்த செஞ்சியின் தேசிங்கு ராஜனைத்தானே நம் பக்கம் இன்னும் பாட்டாகப் பாடுகிறது? எதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்பதை இந்த ஊருக்கு எண்ணத் தெரியும்.

8. பரிசு நாளுக்கு ஒரு வாரம் முன்பே கணக்கை எல்லாக் கேப்டன்களிடமும் கொடு. தப்பு என்று யார் சொன்னாலும் உட்கார்ந்து கூட்டிப் பார். பேனாவாலேயே எழுது தம்பி. திருத்தினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு.