பேனலைத் துளைத்துப் போகும் வெளிச்சம்

மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று 2024இல் மத்திய அரசு அறிவித்ததிலிருந்து, பசுமலைப் பக்கம் மொட்டை மாடிப் பேச்சென்றாலே சோலார் பேச்சுதான். பேனலோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் மாடியேறிவிட்டன.

நம்பிக்கை: அக்னி நட்சத்திரத்தில்தான் கரண்ட் கொட்டும்.

"மதுரை வெயிலுக்கு மீட்டர் பிச்சுக்கிட்டுப் போகும்ணே" என்றார் எதிர்வீட்டுத் தம்பி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத உச்சி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டுவிடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். அதே வெளிச்சத்துக்கு நூற்றில் 14 பங்கு காணாமல் போகும். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கும் இதே விதிதான். கோடை மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் வீசுகிற முற்பகல்தான் பேனலுக்கு யோகமான வேளை.

நம்பிக்கை: விழுகிற ஒளியெல்லாம் மின்சாரமாகும், ஆகாவிட்டால் சரக்கு மட்டம்.

கடையில் கிடைக்கும் நல்ல பேனலே நூற்றில் 22 பங்கு தந்தால் பெரிது. காரணத்தைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் புரிந்துகொள்ளலாம். டிக்கெட் பத்து ரூபாய், கண்டக்டரிடம் சில்லறை கிடையாது. (பெண்களுக்கான இலவசப் பயணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) ஐந்து ரூபாய் வைத்திருப்பவர் ஏற முடியாது, அப்படி நூறு பேர் வரிசையில் நின்றாலும் ஒருவரும் ஏற முடியாது. இருபது ரூபாய் நீட்டியவர் ஏறலாம், ஆனால் மீதி கிடைக்காது.

சிலிக்கான் அந்தக் கண்டக்டர். ஒளித்துகளிடம் எவ்வளவு காசு என்பதை அதன் அதிர்வெண் முடிவு செய்கிறது. 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான். நொடிக்குச் சுமார் 270 லட்சம் கோடி அதிர்வுக்குக் கீழே இருக்கும் அகச்சிவப்பு ஒளியை சிலிக்கான் கண்டுகொள்வதே இல்லை. கண்ணாடியைப் போல உள்ளே விட்டுவிடுகிறது. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. நீல ஒளி நீட்டும் பெரிய நோட்டின் மீதியோ வெறும் சூடாகிறது. 1961இல் ஷாக்லி, குவைசர் என்ற இயற்பியலாளர்கள் காட்டிய வழியில் கணக்கிட்டால், ஒரே பொருளாலான செல் சாதாரண வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரவே முடியாது. இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

நம்பிக்கை: ஒளியில் ஓடும் கணினி வந்தால் எல்லாம் மின்னல் வேகம்.

பேனலிலிருந்து பேச்சு கணினிக்கும் தாவியது. ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள் இதை எளிதாக நம்புவார்கள். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. செம்புக் கம்பியில் மின்சமிக்ஞையின் வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃபைபரின் பலம் வேறு. ஒரே இழையில் பல அதிர்வெண்களில் தனித்தனிச் செய்திகளை, ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்பலாம். 15 கிலோமீட்டர் தாண்டினாலும் பாதி ஒளி மிஞ்சும்.

அந்த ஒளி எது தெரியுமா? பேனல் ஏற்றாமல் விட்ட அதே அகச்சிவப்பு. சிலிக்கான் அதைத் தடுக்காததால், சிலிக்கான் சில்லுக்குள்ளேயே அதற்குப் பாதை போட முடிகிறது. சென்னை ஐஐடியில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. மாடியில் நட்டக்கணக்கில் எழுதப்பட்ட ஒளிக்கு ஆய்வகத்தில் ராஜமரியாதை!

ஆனால் கணக்குப் போடுவது வேறு வேலை. டிரான்சிஸ்டரில் ஒரு மின்சாரம் இன்னொன்றைத் திறந்து மூடும். ஒளியோ இன்னொரு ஒளியைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். ஃபைபரில் வரமாக இருந்த குணம் சுவிட்ச் செய்யப் போனால் சாபம். செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான பெருக்கல் கணக்குகளுக்கு ஒளிச்சில்லுகள் உதவக்கூடும். உங்கள் மடிக்கணினியின் டிரான்சிஸ்டர்களுக்கு இப்போதைக்கு ஓய்வில்லை.

எல்லாம் கேட்ட தம்பி, "அப்ப மத்தியானம் பேனல்ல தண்ணி ஊத்திக் குளுத்திட்டா?" என்றார். வேண்டாம், கொதிக்கும் கண்ணாடி விரிசல் விடலாம். விடியற்காலையில் தூசியைக் கழுவிவிடச் சொன்னேன்.