கனடாவின் மலைச்சாலை: காரில் செல்வோர்க்கு ஒரு ரயில்வே பாடம்

நம் சங்கத்து அன்பர்கள் பலரின் பிள்ளைகள் இன்று கனடாவில் வேலை பார்க்கிறார்கள். கோடையில் பெற்றோரை வரவழைத்து, காரில் ஏற்றி, ராக்கி மலைத்தொடரைச் சுற்றிக் காட்டி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. திரும்பி வருகிறவர்கள் ஏரியையும் பனிமலையையும் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள். சாலையைப் பற்றிக் கேட்டால், "ரொம்ப நன்றாக இருந்தது" என்பதோடு சரி. அந்தச் சாலை ஏன் அந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் என்ன ஆபத்து இருந்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது தெரிந்து சென்றால் பயணத்தின் பயன் இரு மடங்காகும். பாதுகாப்பும் கூடும்.

நான் ரயில்வேயில் சிவில் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் ஒரு பகுதி கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே உள்ள போர் காட்டில் கழிந்தது. கால்கரியில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்றபோது, மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறி ஓட்ட, வான்கூவர் வரை காரில் சென்று வந்தோம். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சாலைக்கு முன்னே ரயில்

கிழக்கே செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து மேற்கே விக்டோரியா வரை செல்வது டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை. நீளம் 7,000 கி.மீ.க்கும் அதிகம். இதற்கான சட்டம் 1949-ல் வந்தது. 1962-ல் ரோஜர்ஸ் கணவாயில் பிரதமர் டீஃபன்பேக்கர் திறந்து வைத்தார். வேலை முழுவதும் முடிய 1971 ஆயிற்று.

ஆனால் மலைப்பகுதியில் இந்தச் சாலைக்கு வழிகாட்டியது கனேடியன் பசிபிக் ரயில்வே. பத்தாண்டுகளில் ரயில் போட்டுத் தருவோம் என்ற வாக்குறுதியை நம்பித்தான் பிரிட்டிஷ் கொலம்பியா 1871-ல் கனடாவுடன் இணைந்தது. 1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. அந்த இடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பத்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம்.

சரிவு என்னும் எதிரி

லேக் லூயிஸ் தாண்டியதும் வருவது கிக்கிங் ஹார்ஸ் கணவாய். உயரம் சுமார் 1,600 மீட்டர். இங்கிருந்து ஃபீல்டு என்ற சிற்றூருக்கு இறங்கும் சரிவுக்கு 'பிக் ஹில்' என்று பெயர். பணமும் காலமும் போதாமல், 4.5 சதவீதச் சரிவில் தண்டவாளம் போட்டார்கள். அதாவது 22 அடி போனால் ஓர் அடி இறக்கம். நம் போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி. அதற்கே முன்னும் பின்னும் கூடுதல் இன்ஜின் வைக்கிறோம்.

இதன் பொருளைக் கணக்கில் பாருங்கள். 1,000 டன் எடையுள்ள வண்டியை 4.5 சதவீதச் சரிவில் நிறுத்தினால், புவியீர்ப்பு அதைக் கீழ்நோக்கி 45 டன் விசையுடன் இழுக்கும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே பிரேக் ஒன்றுதான் துணை. 1884-ல் இந்த இறக்கத்தில் இறங்கிய முதல் வண்டியே கட்டுக்கடங்காமல் ஓடிக் கவிழ்ந்தது, மூவர் இறந்தனர்.

அதன்பின் மலைமேட்டை நோக்கி ஏறும் கிளைத் தண்டவாளங்களை அமைத்தார்கள். பாயின்ட் எப்போதும் கிளைப்பாதைக்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வண்டி தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று டிரைவர் ஊதல் கொடுத்தால்தான் பாயின்ட்ஸ்மேன் நேர்வழியைத் திறப்பார். இல்லையேல் வண்டி மேட்டில் ஏறித் தானாக நிற்கும். நம் காட்டில் உள்ள கேட்ச் சைடிங்கும் இதே தத்துவம்தான். மலைச்சாலைகளில் லாரிகளுக்காக, சரளைக்கல் கொட்டி மேட்டை நோக்கி விட்டிருக்கும் கிளைப்பாதையைப் பார்த்தால் இந்த வரலாற்றை நினைவில் கொள்ளுங்கள்.

சுழல் சுரங்கங்கள்

நிரந்தரத் தீர்வு 1909-ல் வந்தது. சரிவைப் பாதியாக்க வேண்டுமானால் பாதையின் நீளத்தை இரு மடங்காக்க வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் அதற்கு இடம் ஏது? மலைக்குள்ளேயே பாதையைச் சுருட்டிவிட்டார்கள்! கதீட்ரல் மலைக்குள் ஒன்று, ஆக்டன் மலைக்குள் ஒன்று என இரண்டு சுரங்கங்கள். வண்டி மலைக்குள் நுழைந்து, வளைந்து திரும்பி, வேறு மட்டத்தில் வெளியே வருகிறது. சரிவு 2.2 சதவீதமாகக் குறைந்தது. 45 டன் இழுவிசை 22 டன் ஆயிற்று.

ஃபீல்டுக்குச் சற்றுக் கிழக்கே நெடுஞ்சாலை ஓரமாகவே இதைப் பார்க்க ஓர் இடம் உண்டு. நீண்ட சரக்கு வண்டி வந்தால், அதன் தலை ஒரு வாயிலில் வெளியே வரும்போது வால் இன்னும் மேலேயோ கீழேயோ போய்க்கொண்டிருக்கும். வண்டி வர நேரமாகலாம், காத்திருக்கத் தகும். ரயில் கைவிட்ட பழைய பிக் ஹில் பாதையின் ஒரு பகுதியில்தான் இன்று கார்கள் ஓடுகின்றன.

ரோஜர்ஸ் கணவாய்

இதற்கு மேற்கே செல்கர்க் மலையில் உள்ளது ரோஜர்ஸ் கணவாய். இங்கே எதிரி பனிச்சரிவு. 1910 மார்ச் 4 இரவு, ஒரு பனிச்சரிவு மூடிய தண்டவாளத்தைத் தொழிலாளர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது எதிர்மலையிலிருந்து இன்னொன்று இறங்கியது. 58 பேர் மாண்டனர். ரயில்வே கணவாயை விட்டே விலகி, 1916-ல் எட்டு கி.மீ. நீளமுள்ள கானாட் சுரங்கத்துக்குள் போய்விட்டது. 1988-ல் சுமார் 14.7 கி.மீ. நீளத்தில் மவுன்ட் மெக்டொனால்டு சுரங்கமும் வந்தது.

சாலையோ கணவாய் வழியாகத்தான் செல்கிறது. சில இடங்களில் சாலைக்கு மேல் கான்கிரீட் கூரை போட்டு, பனியை அதன்மேல் வழிந்தோட விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ராணுவத்தினர் பீரங்கியால் மலைமீது சுட்டு, பனி பெரிதாகச் சேரும் முன்பே அதைச் சரியச் செய்கிறார்கள்.

பனிவயல் சாலை

லேக் லூயிஸிலிருந்து வடக்கே ஜாஸ்பர் வரை சுமார் 230 கி.மீ. செல்லும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, காட்சிக்கென்றே பெயர் பெற்றது. பேட்டோ ஏரியின் நீலத்தைப் பார்த்தவர்கள் சாயம் கலந்தார்களோ என்று கேட்பார்கள். பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த நுண்துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதே காரணம். அதபாஸ்கா பனியாறு நூறாண்டுக்கும் மேலான காலத்தில் ஒன்றரை கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது.

யார் போட்ட பாதை?

வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது முக்கியம். ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் பாறையை வெடிவைத்து ரயில்பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பல நூறு பேர் உயிரிழந்தனர். பாதை முடிந்த அதே 1885-ல் சீனர் மேல் 50 டாலர் தலைவரி விதித்தார்கள். 1903-ல் அது 500 டாலர் ஆயிற்று. அரசு மன்னிப்புக் கேட்டது 2006-ல். 1910 பனிச்சரிவில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியர். ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையை 1931 முதல் 1940 வரை போட்டவர்கள் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள். இப்பாதைகளில் வசதியாகப் போகும் நம் பேரக்குழந்தைகளுக்கு ஏரியின் பெயரோடு இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு

1. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதிக்கக் கூடாது. இரண்டு டன் எடையுள்ள கார் கணவாய் உச்சியிலிருந்து கோல்டன் ஊருக்கு 800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் உராய்வும் கொஞ்சம் ஏற்கும். மீதி முழுவதையும் பிரேக் மீது போட்டால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது நம் ஊர் லாரி ஓட்டுநர்களின் விதி. ஆட்டோமேட்டிக் காரிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

2. அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும். இங்கிருந்து சென்று ஓட்ட விரும்புவோர், நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிச் செல்வது நல்லது. முதல் நாளே மலைச்சாலையில் ஓட்ட வேண்டாம்.

3. ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையில் பெட்ரோல் கிடைக்கும் இடம் அரிது. பெரும்பகுதியில் செல்போனும் எடுக்காது. டாங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். உணவும் கம்பளியும் மாத்திரையும் கைவசம் இருக்கட்டும்.

4. மலைக்கு ஏற்ற காலம் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை. ஆனால் அதுவே காட்டுத்தீயின் காலமும்கூட. 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்கள் எரிந்தன. கிளம்பும் அன்று காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

5. கரடியையோ மானையோ கண்டால் காரை விட்டு இறங்காதீர்கள். பான்ஃப் பூங்காவில் விலங்குகள் கடக்க, மரம் செடி வளர்த்த 6 மேம்பாலங்களும் 38 கீழ்ப்பாலங்களும் கட்டி, சாலையோரம் வேலி போட்டிருக்கிறார்கள். விலங்குகள் மோதும் விபத்து 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

6. பனியாற்றின்மேல் வழிகாட்டி இல்லாமல் நடக்க வேண்டாம். பனிப்பிளவு மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கால்கரியிலிருந்து வான்கூவர் ஏறத்தாழ 970 கி.மீ. ஒரே நாளில் ஓட்டி முடிக்கிறவர்களும் உண்டு. மூன்று நாள் வைத்துக்கொண்டால் ஓட்டுகிறவருக்கும் ஓய்வு, பார்க்கிறவருக்கும் நிறைவு. அடுத்த கோடையில் செல்லும் அன்பர்கள் சுழல் சுரங்கத்தில் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, சங்கக் கூட்டத்தில் அவசியம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.