ஒளிப்படக் குழுவின் நாட்காட்டியை இணையவழி பகிர்தல்

இங்கிலாந்தின் நகரங்களில் இயங்கும் ஒளிப்படக் குழுக்கள் பல, உறுப்பினர்களின் 12 படங்களைத் தேர்ந்தெடுத்து, சந்திப்பு நாள்களையும் குறித்து, ஆண்டுதோறும் சுவர் நாட்காட்டி ஒன்றை அச்சிட்டு வந்துள்ளன. தமிழ் வீடுகளில் அது பலசரக்குக் கடை கொடுத்த நாட்காட்டியுடன் ஒரே ஆணியில் தொங்குவதும் உண்டு. அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் உயர்ந்துள்ள நிலையில், அதனை இணையவழி பகிர்ந்தால் என்ன என்று குழுக்கள் சிந்திக்கின்றன. செலவைப் பொறுத்தவரை அது நல்ல முடிவே. ஆனால், அச்சில் எழாத சில வினாக்கள் இணையத்தில் எழுகின்றன.

முதலாவது, படங்களின் உரிமை. 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமை, வடிவமைப்புகள் மற்றும் காப்புரிமைகள் சட்டத்தின்படி, ஒரு படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதனை எடுத்தவரே. அவர் குழுவின் உறுப்பினர் என்பதாலோ, அப்படம் குழுவின் போட்டியில் பரிசு பெற்றது என்பதாலோ உரிமை குழுவுக்கு மாறிவிடாது. மாற்றுவதற்கு அவர் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் தேவை. மேலும், படிகளை அச்சிட்டு வெளியிடுவதும், இணையத்தில் பொதுமக்களுக்கு எட்டச் செய்வதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செயல்கள். ஆகவே, நாட்காட்டியில் அச்சிடுவதற்குச் சென்ற ஆண்டு அளித்த சம்மதம் இணையத்துக்கும் பொருந்தும் என்று கருதிக்கொள்வது பாதுகாப்பானதன்று. எந்தப் படம், எங்கே, எவ்வளவு காலம், எடுத்தவரின் பெயர் எவ்வாறு குறிக்கப்படும் என்பவற்றைக் கேட்டுப் பெறும் ஒரு சிறு மின்னஞ்சல் போதுமானது. நண்பர்களுக்கிடையே எழுத்து எதற்கு என்று தயங்குவோர் உண்டு. நட்பு முறிந்த பின்னர்தான் அந்த எழுத்தின் தேவை தெரியவரும்.

இச்சட்டத்தின் 85ஆம் பிரிவு தமிழ்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா முதலியவற்றுக்காக ஒருவர் தம் குடும்பத் தேவைக்கென ஒளிப்படக் கலைஞரை அமர்த்தினால், பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். ஆயினும், அப்படங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடாதிருக்கும்படி கோரும் உரிமை, படம் எடுப்பித்தவருக்கு உண்டு. வார இறுதியில் திருமணப் படம் எடுக்கும் உறுப்பினர், அழகிய மணமகள் படமொன்றை நாட்காட்டிக்கு அனுப்பினால், குழுவின் செயலாளர் முதலில் கேட்க வேண்டியது படம் எடுப்பித்தவரின் சம்மதத்தையே. சிறுவர் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறுவதே முறை. சுவரில் தொங்கும் தாள் டிசம்பரில் கழற்றப்பட்டுவிடும். இணையத்தில் ஒருமுறை பரவிய படத்தைத் திரும்பப் பெறுதல் அரிது.

படக் கோப்பினுள் மறைந்திருக்கும் விவரங்களும் கவனத்துக்குரியவை. கைத்தொலைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கும் நிலையில் எடுத்த படத்தில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் விளையாடும் பேரப்பிள்ளையின் படம் அவ்வீட்டின் இருப்பிடத்தையும் சேர்த்தே அறிவித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படமாக அனுப்பும்போது இவ்விவரம் நீங்கிவிடும். தரம் குறையாதிருக்க ஆவணமாக அனுப்பினால் அப்படியே செல்லும். எனவே, வெளியிடுமுன் அதனை நீக்குதல் வேண்டும். அத்துடன், ஏ4 தாளில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 3500 படப்புள்ளிகள் தேவைப்படும். திரையில் பார்க்க நீண்ட பக்கத்தில் 1600 போதும். சிறிய அளவில் வெளியிட்டால், பிறர் எடுத்து நல்ல தரத்தில் அச்சிடுவதும் கடினமாகும்.

இனி, நாள்கள். பி.டி.எஃப் கோப்பாக அனுப்பிய நாட்காட்டி பார்ப்பதற்கு அழகியது. ஆனால், அது எவருக்கும் நினைவூட்டாது. ஐ.சி.எஸ் வகைக் கோப்பைக் கூகுள், ஆப்பிள், அவுட்லுக் நாட்காட்டிகள் மூன்றும் ஏற்கும். அக்கோப்பை ஒருமுறை பதிவிறக்கிச் சேர்த்துக்கொண்டால் அன்றைய நிலை மட்டுமே பதிவாகும். மண்டபம் கிடைக்காமல் சந்திப்பு செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறினால், அவ்வாறு சேர்த்தவர் செவ்வாய் மாலை பூட்டிய கதவின் முன் நிற்பார். நாட்காட்டியின் இணைப்பைச் சந்தா முறையில் சேர்த்தவருக்கு மாற்றம் தானாக வந்து சேரும். அதற்கும் சில வேளை பல மணி நேரம் ஆகலாம் என்பதால், கடைசி நேர மாற்றத்தைத் தொலைபேசியில் அறிவிப்பதே நன்று. நேர வலயம் லண்டன் என்று இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். விடுமுறைக்கு ஊர் சென்ற செயலாளர் கொழும்பு நேரத்தில் மாலை 7 மணி என்று பதிந்தால், குளிர்காலத்தில் இங்கே அது பிற்பகல் 1.30 என்று தோன்றும். நாட்காட்டியைப் பொதுவெளியில் திறந்துவிட்டால், அதில் எழுதிய வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எவருக்கும் தெரியும் என்பதையும் மறக்கலாகாது.

தமிழில் எழுதுவோர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடுத்து யூனிகோட்டில் எழுத வேண்டும். பாமினியில் தட்டச்சிட்ட குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். திரைவாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் அது பயன்படாது.

கைத்தொலைபேசியில் அழைப்பை மட்டும் ஏற்கும் மூத்த உறுப்பினர்கள் பல குழுக்களில் உள்ளனர். அச்சு நின்றதும் அவர்கள் முறையிடுவதில்லை, வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நாட்காட்டியை முடிவு செய்யுமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டறிந்து, தேவைப்படுவோருக்குப் படமின்றி, நாள்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். நூலகத்தின் அச்சுப்பொறியே அதற்குப் போதும்.