பழைய வழக்கும் ஹலாலான உழைப்பும்

இளமையில் ஒரு திருட்டு வழக்கிலோ, அடிதடி வழக்கிலோ தண்டனை பெற்றுப் பின்னர் திருந்தி வாழும் சகோதரர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு மனுச் செய்யும்போது, "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்வி படிவத்தில் குறுக்கே நிற்கிறது. "அல்லாஹ்விடம் தவ்பாச் செய்துவிட்டோமே, இல்லை என்று எழுதலாமா?" என வினவுகின்றனர். இதற்கு மார்க்கம் காட்டும் வழியை நாம் கவனிப்போம்.

பாவத்தை விடுவது, அதற்காக வருந்துவது, இனி மீளுவதில்லை என உறுதி கொள்வது ஆகியவை தவ்பாவின் ஷர்த்துகள். பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருப்பின் அதைத் திருப்பிக் கொடுப்பதும், அல்லது உரியவரிடம் மாப்புப் பெறுவதும் அவசியமாகும். சிறைவாசம் முடிந்ததால் மட்டும் திருடிய பொருளின் கடன் தீராது.

திருந்தியவரின் பழைய பெயர் நீங்குமா? கற்புடைய பெண்கள்மீது அவதூறு கூறி, நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு 80 கசையடி. அவருடைய சாட்சியம் ஏற்கப்படாது. அவர் பாஸிக் என்று ஸூரத்துந் நூர் விதிக்கிறது. தவ்பாச் செய்து சீர்திருந்தியவருக்கு விலக்கும் அளிக்கிறது. அவ்விலக்கு, பாஸிக் என்ற பெயரை நீக்குவதோடு சாட்சியத் தகுதியையும் மீட்கும் என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. பெயர் நீங்கும், சாட்சியம் மீளாது என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. இந்தக் கருத்து வேற்றுமை அவதூறுக் குற்றத்தைப் பற்றியதே. மற்றப் பாவங்களிலிருந்து மீண்டவரின் சாட்சியத்தை ஹனபி மத்ஹபும் ஏற்கிறது. மீண்டவரின் நடத்தையைச் சிறிது காலம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பர் ஷாபிஈ அறிஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு வருடம் என அளவிட்டுள்ளனர். ஆகவே சோதிப்பது நியாயம். ஆயுள் முழுதும் ஒதுக்குவது நியாயமன்று.

யூசுப் (அலை) அவர்கள் குற்றமற்றவர்கள், எனினும் சிறையிலிருந்தார்கள். அரசன் அழைத்தபோது உடனே வெளியேறவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். உண்மை வெளியான பின்னரே களஞ்சியப் பொறுப்பை ஏற்றார்கள். முறையான வழியில் பெயரைத் துலக்கிக்கொள்ள முயல்வது நபிமார்களின் நடைமுறைக்கு இசைந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டில் பெரியவர்களின் தண்டனைப் பதிவை அடியோடு அழிக்கும் பொதுச் சட்டம் இல்லை. ஆயினும் சில வழிகள் உண்டு. 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்காக 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி நடத்தப்பட்டவருக்கு, 24-ஆவது பிரிவின்படி தகுதியிழப்பு நேராது. பதிவேடுகளும் உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். 16 வயது நிரம்பி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அதன் 12-ஆவது பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் தீர்ப்பே இல்லாமற் போவதில்லை. இத்தகையோர் படிவத்தை நிரப்புமுன் நல்ல வக்கீலிடம் காட்டிக்கொள்வது நலம்.

நம் பாவங்களை நாமே ஊரறியச் சொல்லித் திரிய மார்க்கம் ஏவவில்லை; மறைக்கவே விரும்புகிறது. ஆனால் சட்டப்படி கேட்கப்பட்டுக் கையொப்பமிடும் இடத்தில் பொய் எழுதுவது கூடாது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டுமெனக் கூறியது. இளமையில் நேர்ந்த சிறு குற்றத்தை மறைத்திருந்தால் வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், உண்மையைச் சொன்னாலும் அவர் நியமித்தே ஆகவேண்டிய கட்டாயமில்லை என்றும் அது விளக்கியது. உண்மையால் ஒரு வேலை தவறலாம். பொய்யால் கிடைத்த வேலையோ எந்நாளும் அச்சத்துக்குரியது.

இனி ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று அறிவித்தார்கள். அப்படியிருக்க, திருந்தி வந்தவரை நாம் எப்படி விரட்டலாம்? கடையும் ஆலையும் உடையவர்கள், பார்த்துப் பழகிய பின்னராவது இத்தகையோருக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் கதவை அடைத்தால் பழைய கூட்டாளிகள் திறந்து வைத்திருப்பார்கள்.

தவ்பாவில் நிலைத்திருக்கவும், ஹலாலான ரிஜ்கை உண்ணவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.