சங்கம் பதிய ஏழு பேர் போதுமா?

வித்துராவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, "தம்பி, ஏழு பேர் சேர்ந்துட்டோம். புதுச் சங்கம் பதிஞ்சிடலாமா?" என்று கேட்டார். அவர் கையில் பழைய சட்டப் புத்தகம். அவருக்குச் சொன்னதை அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

1918இல் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி ஆலையார் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்குத் தடை விதித்தது. அன்று சங்கத்தைக் காக்கச் சட்டமில்லை. 1926இல்தான் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும்.

2002 ஜனவரியில் இது மாறியது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. விண்ணப்பிப்பவர் ஏழு பேராவது வேண்டும். அத்துடன், தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராயிருக்க வேண்டும். ஏழுக்குக் குறையக்கூடாது. அறுபது பேர் வேலை செய்யுமிடத்தில் ஏழு, இரண்டாயிரம் பேரானால் நூறு.

சங்க விதிகள், அவற்றை ஏற்ற தீர்மானம், பிரமாணப் பத்திரம் ஆகியவற்றுடன் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிந்தபின் எண்ணிக்கை குறைந்தால் பதிவே ரத்தாகலாம்.

சித்தப்பாவின் தோட்டத்தில் இருநூறு பேர். "அப்போ இன்னும் பதின்மூணு பேரா?" என்றவர், அன்று மாலையே லயங்களுக்குப் புறப்பட்டார்.