பன்னிரண்டு தந்தியை விற்கலாமா?

கேள்வி: என் பழைய ரிக்கன்பேக்கர் 360/12 கிட்டாரை விற்றுவிட்டு லைன் 6 வேரியாக்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், பழையதை மட்டும் விற்காதீர்கள். வேரியாக்ஸில் இருப்பது ஆறே தந்தி. ஒவ்வொன்றின் ஒலியையும் பிரிட்ஜிலுள்ள பீசோ பிக்கப் தனித்தனியே வாங்க, ஜோடித் தந்தியின் ஒலியை உள்ளிருக்கும் சிப் சேர்த்துத் தருகிறது. மேடையில் இது பெரிய நிம்மதி. சுருதி சேர்க்கும் வேலை பாதியாகிவிடும்.

ஆனால் மேலிருந்து கீழாக மீட்டும்போது ரிக்கன்பேக்கரில் தடித்த தந்தி முதலில் பிக்கில் படும், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி அடுத்துத்தான். மற்ற பன்னிரண்டு தந்திக் கிட்டார்களில் பெரும்பாலும் இது தலைகீழ். 1964இல் ஜார்ஜ் ஹாரிசன் ரிக்கன்பேக்கரில் எழுப்பிய அந்தக் கணீர் ஒலியில் இந்த வரிசைக்கும் பங்குண்டு. ஜோடிகளுக்குள் எழும் இழையளவு சுருதி பேதம், இரண்டு தந்திகள் சேர்ந்து விரலில் அழுந்தும் உணர்வு இதெல்லாம் ஆறு தந்தியில் அப்படியே கிடைக்காது. ஒலிப்பதிவுக்கு ரிக்கன்பேக்கரையே எடுங்கள்.