அலைச்சறுக்குக்கு உடலையும் உள்ளத்தையும் பண்படுத்துதல்

புதுவை நகருக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பத்துக் கடற்கரையில், நீண்ட பலகையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இளைஞர் சிலர் விடியற்காலையில் கடலில் இறங்குவதைக் காணலாம். அலை எழும்பி உடையும் தறுவாயில் பலகைமீது எழுந்து நின்று, அதன் வேகத்திலேயே கரைநோக்கிச் சறுக்கி வருவார்கள். ஹவாய்த் தீவுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் இந்த அலைச்சறுக்கு, 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

உழவருக்கும் ஊராட்சி உறுப்பினருக்கும் இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். காணும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து புதுவைக்கு வரும் வாலிபர்களை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய துணிச்சலோடு கடலில் இறங்குகிறார்கள். எல்லோரும் திரும்பி வருவதில்லை. கடலின் போக்கை அறிந்து, அதற்கு உடலையும் உள்ளத்தையும் பழக்கும் முறையை அலைச்சறுக்குப் பயிற்சி கற்பிக்கிறது. பலகையைத் தொடாதவருக்கும் இந்த அறிவு பயன்படும்.

முதலில் உடற்பயிற்சியைக் கவனிப்போம். அலைமேல் நிற்பதே இவ்விளையாட்டின் பெரும்பகுதி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கடலில் கழியும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, பலகைமேல் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளி முன்னேறுவதிலேயே செல்கிறது. மற்றதில் பெரும்பகுதி அலைக்குக் காத்திருப்பது. நிற்பதோ நூற்றில் ஐந்து பங்குகூட இராது. எனவே வேண்டுவது தோளுக்கும் முதுகுக்கும் வலிமை, நெடுநேரம் களைக்காத மூச்சு. ஓடுதலும் நீந்துதலும் இவற்றைத் தரும். நம் உடற்பயிற்சிக் கூடங்களின் தண்டாலும் பஸ்கியும் இதற்கு மிகப் பொருத்தமானவை என்பது எங்கள் கருத்து. படுத்த நிலையிலிருந்து கைகளை ஊன்றி ஒரே வீச்சில் பாதங்களை மார்புக்கடியில் கொணர்ந்து எழுவதே அலைச்சறுக்கின் முக்கியச் செயல். தண்டால் பழகியவனுக்கு இது பாதி கைவந்ததாகும். மணலில் ஒரு பலகையின் உருவத்தைக் கோடாகக் கீறி, அதன்மேல் நாளும் இருபது முப்பது முறை இவ்வாறு எழுந்து நிற்கப் பழகலாம். செலவு எதுவுமில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, பார்வையைக் காலடியில் வைக்காமல் முன்னே செலுத்துதல் வேண்டும். கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போட்ட மீனவப் பெரியவர்கள் நின்றதும் இந்த நிலையிலேதான்.

மூச்சை அடக்கும் பயிற்சியைக் கரையில் உட்கார்ந்தே செய்தல் நலம். வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்குள் மூழ்குவது பேரபாயம். முன்னறிகுறி இன்றியே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்துபவரும் இவ்வாறு மாண்டிருக்கின்றனர். நீரில் எவரும் தனியே இதனைச் செய்தலாகாது.

உள்ளத்தைப் பண்படுத்துவது இதனினும் கடினம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில், தாய்மார் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்ப அஞ்சுவதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுபவனே நல்ல மாணவன். அவன் செய்ய வேண்டுவது, இறங்குமுன் அரைமணி நேரம் கரையில் அமர்ந்து கடலை நோக்குதல். அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதையும், இடையே சிறிது அமைதி நிலவுவதையும் எண்ணிப் பார்த்தால் புலப்படும். அந்த அமைதியில்தான் உட்செல்ல வேண்டும். பின்பு கண்ணை மூடி, அலை வருவதும், கைபோடுவதும், எழுவதும், விழுவதுமாக ஒவ்வொன்றையும் மனத்துக்குள் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். விழுவதை விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் விழுவதே மிகுதி. தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, இரு கைகளாலும் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். சிறிய அலை ஒருவனை நீருக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் பத்து வினாடிக்குள்தான். பதறினால் அது ஒரு யுகமாகத் தோன்றும்; கைகால் உதறுவதால் மூச்சும் விரைவில் தீரும். உடலைத் தளரவிட்டால் அலை தானே விட்டுச் செல்லும்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவனுக்கும் இந்த நிதானமே துணை. அதனை எதிர்த்து நேரே கரைக்கு நீந்தினால் வலிமை முழுவதும் வீணாகும். பலகை இருந்தால் அதைக் கைவிடாது மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சென்று, இழுப்பு குறைந்தபின் திரும்ப வேண்டும். கற்குவியல்களை ஒட்டி இத்தகைய இழுப்பு உண்டாவது இயல்பு. புதுவையில் 1980-களில் தொடங்கிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே பெயரும் மணலை மறித்ததால் நகரக் கரை அரிக்கப்பட்டு, நெடுந்தூரம் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. 2018-இல் கடலடியில் அமைத்த செயற்கைத் திட்டினால் தலைமைச் செயலகத்தருகே மணல் ஓரளவு திரும்பியது. ஆயினும் கல் உள்ள இடம் புதியவர் இறங்கும் இடமன்று.

தந்திராயன்குப்பத்தில் 2009-இல் கல்லியாலே என்னும் அலைச்சறுக்குப் பள்ளி தோன்றியது. சென்னைக்கருகேயுள்ள கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்து, கடலில் தத்தளிப்போரை மீட்கவும் அவர்களைப் பழக்கினார். கரையோர ஊராட்சிகள் இதனை முன்மாதிரியாகக் கொள்ளலாம். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்குமாதலால், அம்மாதங்களில் மணல் பயிற்சியும் முதலுதவியும் மட்டும் நடத்தி, தை பிறந்து கடல் தணிந்தபின் நீரில் இறக்கலாம். அதற்குள் நீளமான கயிறொன்று, மிதவை இரண்டு, நீவாடு அறிந்த மீனவப் பெரியவர் ஒருவர் ஆகியவற்றுக்கு மன்றம் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.